டோபமைனும் எங்கள் கொடிக்காலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "இன்ஜினியராச்சே நீ, பசங்களுக்கு வேலைவாய்ப்பு பத்தி ஏதாவது பேசு தம்பி" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். "நான் மூளையைப் பத்திப் பேசறேனுங்கண்ணா" என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உனக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். என் கூடப் படித்தவர்களும் இப்போது அதைத்தான் நினைத்துக் கொண்டிருப்பார்கள்.

நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்தேன். ஆலைகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பது தொழில். டாக்டர் அல்ல. ஆனால் 2019-இல் இருந்து எங்கள் வீட்டில் டோபமைன் என்ற பெயர் அடிபடாத நாள் கிடையாது. அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். அதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று முதலில் அவரிடம்தான் கேட்டேன். "சொல்லு கண்ணு, ஒளிச்சு வச்சு என்ன ஆகப் போகுது" என்றார்.

எங்களுக்கு ராஜா வாய்க்கால் பாசனத்தில் ஒரு ஏக்கர் கொடிக்கால். வெளியூரில் குடியேறிவிட்ட நண்பர்களுக்கு மறந்திருக்கும்: 100 வெற்றிலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. நம்மூர் ஏலத்தில் வெள்ளைக்கொடியும் கற்பூரியும் அந்தக் கணக்கில்தான் விலை போகும். அப்பா இலையைப் பார்க்காமலே கவுளி எண்ணுவார். யாருடனாவது பேசிக்கொண்டே இருப்பார், விரல் தன் வேலையைத் தானே பார்க்கும்.

2018 வாக்கில் அந்த விரல் தடுமாற ஆரம்பித்தது. ஒரு கவுளி எண்ணுகிற நேரத்தில் மற்றவர்கள் மூன்று கவுளி எண்ணி முடித்துவிடுவார்கள். கணக்கு நோட்டில் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போய், பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. முகத்தில் சிரிப்பு இல்லை. நடையில் தள்ளாட்டம். சந்தையில் ஒருவர், "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டாரு" என்று சொன்னது அப்பா காதிலேயே விழுந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "என்ற கை என்ற பேச்சைக் கேக்க மாட்டேங்குது கண்ணு."

நரம்புத் தளர்ச்சி என்று லேகியம், தைலம் என ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகுதான் கோயமுத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். நடக்கச் சொல்லிப் பார்த்தார், ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்த்தார். நோட்டைக் கொண்டு வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லியிருப்பேன் என்றார்!

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் டோபமைனைச் செய்து அனுப்புகிறவை சில லட்சங்கள்தான். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு பகுதியில் பெரும்பாலானவை இருக்கின்றன. அவை ஏன் சிலருக்கு மட்டும் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. கை நடுங்குவது வெளியே தெரியும்போது அங்கிருந்து போகும் டோபமைனில் பாதிக்கு மேல் குறைந்து போயிருக்கும்.

அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை லீவோடோபா. டோபமைனை அப்படியே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதன் மூலப்பொருளான லீவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே மாறிவிடாமல் தடுக்கக் கார்பிடோபா என்று இன்னொன்றைச் சேர்த்திருப்பார்கள். இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. 1937-இல் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நம் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வேலியில் படர்ந்து கிடக்கும், தொட்டால் அரித்துக் கொட்டும், அந்தப் பூனைக்காலிதான். ஐரோப்பாவில் அதற்கு முன்பே, 1913-இல், ஒருவகை அவரையிலிருந்து எடுத்திருந்தார்கள். ஆனால் இது எதற்குப் பயன்படும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

தெரிய வந்ததற்கும் நம் நாட்டு மூலிகை ஒன்று காரணம். சர்ப்பகந்தி வேர். வடநாட்டில் அதைப் பைத்தியத்துக்கு மருந்து என்றே சொல்வார்கள். 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது பயன்படுவதை எழுதினார்கள். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்டதை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தார்கள். அதை 1957-இல் சுவீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கவிட்டுக் கல் மாதிரி கிடந்தன. பிறகு டோபா ஊசி போட்டார். சில நிமிஷங்களில் காதைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடின! மூளையில் காலியாகிப் போனதும், திரும்ப நிரம்பியதும் டோபமைன். 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவர் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் அதே டோபமைன் வற்றிக் கிடப்பதைக் காட்டினார். 1967-இல் கோட்சியாஸ் என்பவர் டோபாவை வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்து, படுத்துக் கிடந்தவர்களை நடக்க வைத்தார்.

எங்கள் வீட்டு முயலும் எழுந்து ஓடியது. (அப்பா சிரிக்கிறார், பாருங்கள்.) மாத்திரை ஆரம்பித்த சில வாரத்திலேயே மறுபடியும் கவுளி எண்ண உட்கார்ந்தார்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தை ஒருநாள் பூனைக்காலி விதைப்பொடி கொண்டு வந்து, "மருந்துக் கடை மாத்திரையைவிட இது நல்லதுங்க" என்று கொடுத்தார். 1937 கட்டுரையைப் பற்றிப் படித்த மிதப்பில் நானும், சாப்பிடுங்கப்பா, இயற்கைதானே என்றேன். மாத்திரையோடு சேர்த்தே சாப்பிட்டார். நாலைந்து நாளில் உடம்பு தானாக நெளிந்து நெளிந்து ஆடியது. ராத்திரியில் கொடிக்காலுக்குள் ஆட்கள் நிற்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். விதையில் 100-க்கு சுமார் 5 பங்கு லீவோடோபா என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் பொடியில் 250 மில்லிகிராம். மாத்திரையில் இருப்பது 100. கார்பிடோபா ஏற்கெனவே உடம்பில் இருப்பதால் பொடியில் வந்ததற்கும் பலம் கூடும். விதைக்கு விதை அளவு வேறு மாறும். பேனலில் ஒரு மீட்டர் இப்படி இருந்தால் கழற்றி எறிந்திருப்பேன். டாக்டரிடம் சொல்லி, பொடியை நிறுத்தினோம். ஒரு வாரத்தில் சரியானது.

அது சின்ன விஷயம். பெரியது அடுத்து வந்தது.

2021-இல் மாத்திரையின் வேகம் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது என்று பிரமிபெக்சோல் என்ற இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தார்கள். இது டோபமைனாக மாறுவதில்லை, டோபமைன் போல நடிப்பது. கை கால் நன்றாகவே இருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டர், "எதிலாவது புதுசா ஆசை வந்திருக்கா? செலவு, சீட்டாட்டம், அந்த மாதிரி?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்வதற்குள் நான் சிரித்துக்கொண்டே, "எங்கப்பாவாவது சீட்டாடறதாவதுங்க சார்" என்றுவிட்டேன்.

வெற்றிலை விலை பார்க்க நான் வாங்கிக் கொடுத்த செல்போனில் அப்பா அப்போதே ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். ராத்திரி இரண்டு மணி வரை. எட்டு மாதத்தில் போனது 3 லட்சத்து 40 ஆயிரம். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடையில். அம்மா ஒருநாள் காலையில் போன் பண்ணி, "உங்கப்பா கெட்டுப் போயிட்டாரு சாமி" என்று அழுதார். நான் அடுத்த பஸ்ஸில் வந்து அப்பாவைப் பார்த்துப் பேசிய பேச்சை இங்கே சொல்ல மாட்டேன். பெற்ற தகப்பனிடம் பேசக்கூடாத பேச்சு.

அந்த ஆத்திரத்தில்தான் தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்திருந்தது. சூதாட்டம், அளவுமீறிய செலவு, தீனி, காமம் ஆகிய நான்கில் ஒன்றாவது கட்டுமீறிப் போனவர்கள், டோபமைன் போல நடிக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 17 பேர். சாப்பிடாதவர்களில் 7 பேர். படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மாத்திரை எப்படி ஒரு மனிதரைச் சூதாட வைக்கும்? டோபமைன் என்றால் சந்தோஷ ரசாயனம் என்று எழுதுகிறார்கள். அப்படி நினைத்தால் இது புரியவே புரியாது. ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி சுவிட்சர்லாந்தில் குரங்குகளின் டோபமைன் நியூரான்களில் மின்முனை வைத்துப் பார்த்தார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் அவை படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்த பின் ரசம் வரும் என்று குரங்கு பழகிவிட்டால், விளக்குக்கு மட்டும் துடித்தன, ரசத்துக்கு இல்லை. விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால், வரவேண்டிய அதே நொடியில் அடங்கிப் போயின. இதை டயான், மான்டேகு என்ற இரு கணக்குக்காரர்களோடு சேர்ந்து 1997-இல் விளக்கி எழுதினார். நம்மூர் ஏலம்தான் அது. சுமை 4,000 போகும் என்று போகிறோம், 5,000-க்குப் போகிறது. மனசு துள்ளும். அடுத்த வாரம் 5,000 எதிர்பார்த்துப் போய் 5,000 வந்தால் ஒன்றும் இல்லை. 4,000 வந்தால் அடி. கையில் வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்த கணக்கைத்தான் அந்த நியூரான்கள் அனுப்புகின்றன.

அதை வாங்குகிற செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவையானது. டோபமைன் அந்தச் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே இருக்கும் ஏற்பியில் உட்கார்ந்து கதவைத் தட்டுவதோடு சரி. ஏற்பிகளில் டி-1 வகை, டி-2 வகை என்று இரண்டு முக்கியம். டி-1-இல் உட்கார்ந்தால் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் பெருகும். அது ஒரு நொதியை எழுப்பும். அந்த நொதி செல்லின் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போகும், கரும்பலகையில் எழுதுவது மாதிரி. எழுதியதை உடனே அழிப்பதற்கென்று இன்னொரு நொதி டஸ்டரோடு நிற்கிறது. அமெரிக்காவில் பால் கிரீன்கார்டு என்பவர் குழுவினர் டார்ப்-32 என்ற ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் மேல் 34-ஆவது இடத்தில் பாஸ்பேட் ஒட்டினால், அது போய் டஸ்டர்காரன் கையைப் பிடித்துக்கொள்ளும். எழுதுவதும் நடக்கிறது, அழிப்பதும் நிற்கிறது. அதனால்தான் ஒரு நொடி தட்டியது செல்லுக்குள் நெடுநேரம் நிற்கிறது. டி-2-இல் டோபமைன் உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறு, சைக்ளிக் ஏ.எம்.பி. குறையும்.

2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கார்ல்சனுக்கும் கிரீன்கார்டுக்கும், எரிக் கேண்டலுக்கும் சேர்த்துக் கிடைத்தது. தம்பிகளே, இந்தக் கிரீன்கார்டு இளங்கலையில் படித்தது இயற்பியலும் கணிதமும். அணுகுண்டு ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்பாமல் உயிரியலுக்கு வந்தவர். பி.எஸ்ஸி. இயற்பியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். சுருக்கிச் சொன்னால், டி-1 உள்ள செல்கள் "போ" என்பவை, டி-2 உள்ளவை "நில்" என்பவை. மூளை இவ்வளவு எளிதல்ல, ஆனால் வழி தவறாது. டோபமைன் வந்தால் "போ" ஓங்கும், "நில்" அடங்கும். தோற்றுப் போகிற நொடியில் டோபமைன் சட்டென்று இறங்குகிறது அல்லவா, அப்போதுதான் "நில்" செல்கள் விடுபட்டு, இதைத் திரும்பச் செய்யாதே என்று எழுதிக்கொள்கின்றன. பிரமிபெக்சோலோ டி-2 குடும்பத்து ஏற்பிகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. மேலே டோபமைன் இறங்கினாலும் "நில்" செல்லுக்கு அது தெரியாது. நம் தோட்டத்து மோட்டாரில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடிமனான கம்பியைக் கட்டிவிடுவோமே, அதே கதை. கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்று வாங்கும், ஆனாலும் நிற்காது.

இது வெறும் உவமை இல்லை. 2004-இல் மைக்கேல் ஃபிராங்க் என்பவர் பார்க்கின்சன் நோயாளிகளை ஒரு தேர்வு விளையாட்டு ஆடச் சொல்லிப் பார்த்தார். மாத்திரை போடாமல் ஆடியவர்கள் தோற்றதிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மாத்திரை போட்டு ஆடியவர்கள் ஜெயித்ததிலிருந்து நன்றாகக் கற்றார்கள். அப்பாவுக்கு ஒவ்வொரு ஜெயிப்பும் மனசில் பதிந்தது. தோற்ற 3 லட்சத்து 40 ஆயிரம் பதியவே இல்லை. "தோத்தது தெரியும் கண்ணு, ஆனா உறைக்கலை" என்று பிற்பாடு அவரே சொன்னார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக எழுதவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதற்கும் பாதிப்பு உண்டு என்று படிப்படியாகக் குறைத்தார். லீவோடோபாவை நேரம் பிரித்துக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் போன் மறுபடி விலை பார்க்கிற போன் ஆயிற்று. அதில் ரம்மியை நான் அழிக்கவில்லை, அவரே என்னிடம் நீட்டி அழிக்கச் சொன்னார். அந்த ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றியது, 2025-இல் மத்திய அரசும் இயற்றியது. எங்கள் வீட்டுப் பணம் அதற்கு முன்பே போய்விட்டது.

இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு டி-2 ஏற்பியை அடைத்துவிடும். பார்க்கின்சன் உள்ளவருக்கு அதைப் போட்டால் கை கால் இறுகும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மனநோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகளும் அதே ஏற்பியைத்தான் அடைக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவர் மெதுவாக நடந்தால் சோம்பேறி என்று பேசாதீர்கள்.

இன்னொன்று விடுதித் தம்பிகளுக்கு. உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நிகோட்டின் டோபமைன் நியூரான்களையே நேராகத் தட்டி எழுப்பும். விளையாட்டில் ஜெயிக்காமலே ஜெயித்த கணக்கு எழுதப்படும். நாள்பட்டால் செல்லின் கருவுக்குள் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதுகூட மாறிப் போகும், விட்ட பிறகும் வாரக்கணக்கில் அந்த மாற்றம் நிற்கும். வெற்றிலை விற்று என்னைப் படிக்க வைத்த குடும்பம் என்பதால் இதையும் சொல்ல உரிமை உண்டு. இலை மேல் தப்பில்லை. அதற்குள் மடிக்கிற பாக்கும் புகையிலையும்தான் புற்றுநோய் தருபவை.

அப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அப்போ அது நானில்லைங்கறயா? மாத்திரையா ஆடுச்சு?" எனக்கு நேரான பதில் வரவில்லை. எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டால் அவருக்கே பிடிக்காது. "ஆடினது நீங்கதாம்பா. ஆனா நிக்கச் சொல்றவன் அன்னைக்கு வீட்டுல இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் வந்துட்டானா இப்போ?" என்றார். சங்கிலியைப் போன தை மாதம்தான் மீட்டோம். அந்தக் கணக்கை நோட்டில் அவரே எழுதினார். எழுத்து சின்னதுதான், ஆனால் எனக்குப் படிக்க முடிந்தது.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். எனக்கும் அவசரம் இருக்கிறது. பருப்பும் தயிரும் வயிற்றுக்குள் போய்விட்டால் லீவோடோபா குடலில் அவற்றோடு போட்டி போட வேண்டியிருக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், இலை போடுகிற சத்தம் இப்போதே கேட்கிறது.